கண்படாத இடத்தில் முதலில்

கம்பளம் கழுவிக் கழுவி
என் முழங்கால் இரண்டும் போனபோதுதான்
நொம்புசோ சொன்னாள்:
சோபா முழங்கால் உயரம், மோகம்பரி.
முக்காலி போட்டு உட்கார்ந்து செய்யலாம்.
எங்கள் தொழில் விரிவாக்கத் திட்டம்
மொத்தமும் அவ்வளவுதான்.
வங்கியில் கேட்டபோது
இதையே பதினோரு பக்கத்துக்கு எழுதிக் கொடுத்தோம்.

கிளேர்வுட்டில் பழைய சாமான் கடையில்
நானூறு ராண்டுக்கு ஒரு லெதர் சோபா.
முன்பு என்ன நிறம் என்று
கடைக்காரருக்கே நிச்சயமில்லை.
பக்கியில் ஏற்றிக் கயிறு கட்டி
சாட்ஸ்வொர்த் மேட்டில் ஏறும்போது
பின்னால் வந்த டாக்சிக்காரன்
ஹாரன் அடித்து வாழ்த்தினான்,
புதுவீடு போகிறோம் என்று நினைத்து.

கராஜில் வைத்துப் பழகினோம்.
பாட்டில் ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரே வாசகம்:
கண்படாத இடத்தில் முதலில் தேய்த்துப் பாருங்கள்.
அந்த இடம் எது என்று தேடி
சோபாவைக் கவிழ்த்தோம்.
அடியில் பல் போன சீப்பு,
ஐம்பது சென்ட் காசு மூன்று,
காய்ந்த ஏலக்காய்த் தோல்.

தோல்.
ஆங்கிலத்தில் விலைப்பட்டியல் அடித்தபோது
சோபாவுக்கு ஒரு சொல், நமக்கு வேறு சொல்.
தமிழில் ஏலக்காய்க்கும் மாட்டுக்கும் எனக்கும்
ஒன்றுதான் என்றேன்.
"எங்களிலும் மாட்டுக்கும் மனிதனுக்கும் ஒன்றுதான், இசிகும்பா" என்றாள் நொம்புசோ.
"இந்த நாட்டில் அதைப் பற்றி
நிறையப் பேசியாயிற்று.
பிரஷ்ஷை எடு."

ஒரு சொட்டுத் தண்ணீர் வைக்க வேண்டும்.
உருண்டு நின்றால் மேலே பூச்சு உண்டு,
கவலையில்லை.
உறிஞ்சிக் கறுத்தால் திறந்த தோல்;
எது பட்டாலும் உள்ளே வாங்கிக்கொள்ளும்,
வாங்கியதைத் திருப்பித் தராது.
வைத்துவிட்டு ஒரு நிமிடம் காத்திருக்க வேண்டும்.
அந்த ஒரு நிமிடத்துக்கு
வாடிக்கையாளரிடம் பேச எதுவும் இருப்பதில்லை.

முதல் அழைப்பு உம்ஷ்லாங்காவில், பதினாலாம் மாடி.
கடல் ஈரம் ஏறி
பால்நிற மெத்தையெங்கும் சாம்பல் பூஞ்சை.
நடுவே பேனா மையில்
ஒரு பிள்ளை போட்ட கோணல் வட்டம்.
"எல்லாம் போய்விடும்தானே?" என்றார் மிசஸ் ஃபெர்குசன்.
பின்பக்கக் காலருகே சொட்டு வைத்தேன்.
மூன்று பேரும் குனிந்து பார்த்தோம்.
விளிம்பு கரைந்து
காசு அளவுக்குக் கறுத்தது.

பூஞ்சை போகும், மை போகாது,
போகும் என்று சொல்கிறவரிடம் கொடுக்காதீர்கள் என்றேன்.
சொல்லும்போதே
பதினோரு பக்கத்தில் ஏழாம் பக்கம்,
மாத வருமானம் என்ற கட்டம்,
கண்முன் வந்து போனது.
நொம்புசோ என் செருப்பை மிதித்தாள்.

சரி, பூஞ்சை மட்டும் என்றார்.
மூன்று மணி நேரம்.
பிழிந்த பஞ்சு, அழுத்தாத கை, ஃபேன் காற்று,
பிறகு பசை.
சுற்றிலும் துடைக்கத் துடைக்க
அந்த வட்டம் மட்டும்
முன்னைவிடப் பளிச்சென்று தெரிந்தது.
திட்டப்போகிறார் என்று எழுந்து நின்றேன்.
"ஆறு வருஷமாச்சு" என்றார்.
"இப்போது பெர்த்தில் இருக்கிறான், அப்பாவோடு."
மையைப் பற்றிப் பிறகு பேச்சில்லை.
பணத்தைக் குறையாமல் கொடுத்தார்.

லிஃப்டில் இறங்கும்போது
துணியில் மிஞ்சிய பசையைப் புறங்கையில் தேய்த்தேன்.
பிளீச்சில் வெடித்த விரலிடுக்குகள்.
லிட்டர் அறுநூறு ராண்டு;
இவ்வளவு விலையில் எதையும்
என் கைக்கு நான் வாங்கியதில்லை.
நொம்புசோவும் கையை நீட்டினாள்.

கராஜ் சோபா இன்னும் பாதியில் நிற்கிறது.
இடப்பக்கம் தேன் நிறம்.
வலப்பக்கம் கடைக்காரருக்குத் தெரியாத அதே நிறம்.
வருகிறவர்களுக்குக் காட்ட வேண்டுமே,
முடிக்க முடியாது.
மதியம் அழுக்குப் பக்கத்தில்தான்
இடித்துக்கொண்டு உட்கார்ந்து
பன்னி சாவ் சாப்பிடுகிறோம்.
குழம்பு சொட்டினால்
சொட்டட்டும்.