தொடக்கநிலைப் பாரசீகம்

காலை எட்டுக்குப் பதிவு திறந்தது.
எட்டு மூன்றுக்கு ஜப்பானியம் நிறைந்தது,
எட்டு ஐந்துக்குக் கொரிய மொழியும்.
லாபிஸ் வீட்டு இணையம்
துத்தநாகக் கூரைக்கும் மின்கம்பத்துக்கும் நடுவில்
எங்கோ நின்று யோசித்துவிட்டு வந்தபோது
மிச்சமிருந்தது பாரசீகம்.
மூன்று கிரெடிட், செவ்வாய் மதியம்.

மன் என்றால் நான்.
நான் என்றால் ரொட்டி.
மன் நான் மீகொரம்:
நான் ரொட்டி தின்கிறேன்.
வினை கடைசியில்தான் வருமென்றதும்
வகுப்பில் பதினோரு பேர் தலையைச் சொறிந்தார்கள்.
எனக்கோ
முன்பின் தெரியாத வீட்டில், இருட்டில்,
கை நீட்டிய இடத்திலேயே சுவிட்ச்.

ஆசிரியை மஹின்
இஸ்ஃபஹானிலிருந்து ஈப்போவுக்கு மருமகளாக வந்தவர்.
மூன்றாம் வாரம் பலகையில் ஒரே ஒரு சொல் எழுதினார்.
ஊ.
அவன் என்றாலும் ஊ, அவள் என்றாலும் ஊ.
பால் இல்லாத சொல்,
நம் தே ஓ மாதிரி.

வீட்டுப்பாடம்:
உங்களுக்குப் பிடித்த ஒருவரைப் பற்றி
இரண்டு நிமிடம் பேசிப் பதிவுசெய்யவும்.
ஞாயிறு இரவு கடைசி.

சனிக்கிழமை லாபிஸ்.
பக்கத்து வீட்டில் கரோக்கே, எங்கள் வீட்டில் குக்கர்.
அப்பாவின் லோரிதான் அமைதி.
ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டேன்.
இருக்கையில் செம்பனைக் குலையின் எண்ணெய் வாடை,
காலடியில் உதிர்ந்த பழங்கள் நாலைந்து.

தமிழில் சொன்னால் வினையின் வால் காட்டிக்கொடுக்கும்.
ஆங்கிலத்தில் வாயைத் திறந்ததுமே.
மலாயின் டியா காட்டிக்கொடுக்காதுதான்,
ஆனால் அப்பாவுக்கு மலாய் தெரியும்,
முப்பது வருஷத்து எடைமேடை மலாய்.

ஆகவே, பாரசீகத்தில்:
ஊவின் வீடு மூவாரில்.
ஊவுக்கு உறைப்பு ஆகாது.
ஊவின் விரலில் எப்போதும் நீல மை.
அப்புறம், கைப்பேசியை உதட்டருகே வைத்து,
மன் ஊரா தூஸ்த் தாரம்.
இதற்குத் தமிழ் எழுதமாட்டேன்,
எழுதினால் வால் முளைத்துவிடும்.

நிமிர்ந்தால் ஜன்னலில் அப்பா,
கையில் ஈரத்துணி.
"ஊரா? எந்த ஊரு?"
"ஊர் இல்லப்பா. ஒரு ஆளு."
"நான் நான்னு வேற கேட்டுச்சு."
"அது ரொட்டி."
"அட, சிகாமட் தந்தூரிக் கடையில
ஒண்ணு மூணு வெள்ளிக்கு விக்கிறானே, அதுவா?"
அதேதான் என்றேன்.
"தாரம்னியே?"

தாரம் என்றால்
என்னிடம் இருக்கிறது என்று அர்த்தம், அப்பா.
தூஸ்த் என்றால் சிநேகம்.
இரண்டையும் சேர்த்தால் என்னவென்று
அவர் கேட்கவில்லை.
பக்கக் கண்ணாடியைத் துடைத்தார்.
துடைத்த இடத்தையே இன்னொரு தரம் துடைத்தார்.

"மண்ணு, ஊரு, தாரம்.
நெலம் எழுதி வாங்குற பத்திரமாட்டம் இருக்கு.
நமக்கு எது நெலம். நீ படி."

நாலடி போனவர் திரும்பினார்.
"அந்த ஆளுக்கு மீன்கறி ஆகுமா?"
"உறைப்புன்னா ஆகாது."
"அம்மாகிட்ட மிளகாயைக் குறைக்கச் சொல்றேன்.
ஒருநா வரச் சொல்லு."

அப்பாவுக்குப் பாரசீகம் தெரியாது.
ஆனால் அந்த மூன்று வாக்கியத்தில்
எதற்கும் வால் இல்லை.
தெரிந்து வெட்டினாரா, பேச்சு வாக்கில் விழுந்ததா,
இன்றுவரை நான் கேட்கவில்லை.

அடுத்த செவ்வாய் மதிப்பெண் வந்தது.
இருபதுக்குப் பதினாறு.
கீழே மஹினின் சாய்ந்த கையெழுத்து:
வினைகள் சரி. பின்னணியில் யாரோ இருமுகிறார்.
ஒரு நிமிடம் நாற்பதாவது வினாடியில்
ஊ மிக நீளம். குறைக்கவும்.

அது ஆலைச் சங்கு,
பிற்பகல் ஷிப்டுக்கு ஊதியது.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
நீளமாகவே இருக்கட்டும்.