ஒரு நிமிடம், இடப்பக்கம்

போர்ட்டோ மோன்ட்டில் மழை
கேட்டுவிட்டு வராது.
நான்கு நாட்களில் முதல் இடைவெளி, சனி காலை பத்தேகால்.
செஸ்னாவின் இடது இருக்கையில் யாஸ்னா,
நெற்றியிலிருந்து நீளும் பிளாஸ்டிக் மறைப்புடன்,
கண்பட்டை கட்டிய வண்டிக்குதிரையாக.
எரிமலை இல்லை. கடல் இல்லை.
ஆறு வட்டங்கள் மட்டும்.

வாரநாட்களில் சால்மன் ஆலையில்
குளிரறை இயந்திரங்கள் அவள் பொறுப்பு. பதினாறு வருடம்.
அம்மோனியா கசிந்தால்
கருவி கூவுமுன் அவள் மூக்கு கூவும்.
ஒருமுறை அந்த மூக்கை நம்பி
நாற்பது பேரை வெளியே விரட்டியிருக்கிறாள்;
கருவி அப்போதும் பூஜ்யத்தில் நின்றது.

அந்த உடம்பைத்தான் இன்று
நம்பாதே என்கிறான் எலிசேயோ.
அவளைவிடப் பதினோரு வயது இளையவன்,
தாடையில் சவரக் கீறல் இன்னும் காயவில்லை.

"கண்ணை மூடு. தலையைக் குனி."
விமானத்தைத் தன் கைக்கு எடுத்துக்கொள்கிறான்.
அது மெல்லச் சாய்கிறது,
அவ்வளவு மெல்லச் சாய்வதை
உடம்பு கணக்கில் சேர்ப்பதில்லை.
உள்காதின் மூன்று வளையங்களில்
நீர் சற்றே புரண்டு அடங்குகிறது.
நேராகப் போகிறோம் என்று
சத்தியம் செய்வாள் அவள்.

"இப்போது பார்."

செயற்கைத் தொடுவானம் இடப்பக்கம் குடைசாய்ந்து கிடக்கிறது.
மூக்கு கீழே. வேகமானி பச்சை தாண்டி மஞ்சளில்.
உயரமானியின் முள் பின்னோக்கி ஓடுகிறது
எதையோ வீட்டில் மறந்துவிட்டதுபோல்.
கை சொல்கிறது: இழு, மேலே இழு.
இழுத்தால் சுழல் இறுகும்.
முதலில் விசையைக் குறை.
பிறகு இறக்கையை நேராக்கு.
அப்புறம்தான் மூக்கு.

நேரான பின்தான் வேடிக்கை.
வலப்பக்கம் கவிழ்கிறோம் என்று அலறுகிறது காது.
கழுத்து இடப்பக்கம் சாய்ந்து
அந்தப் பொய்க்குத் துணைபோகிறது.

"பையில் என்ன?"
ஆலையின் ஒட்டுச்சீட்டுகள்.
தொடுவானத்தின் மேல் ஒன்று ஒட்டுகிறான்,
திசைவட்டத்தின் மேல் ஒன்று.
*மைனஸ் பதினெட்டில் வைக்கவும்.*
அவள் சிரித்ததில் நூறு அடி போய்விட்டது.

"பம்ப் செத்துவிட்டது என்று வைத்துக்கொள்.
கருவியும் பொய் சொல்லும்.
சாகும்போது சட்டென்று விழாது, மரியாதையாகச் சாயும்.
நீயும் கூடவே சாய்வாய்."
மிஞ்சியதைக் கேள்.
திருப்பமானி என்ன சொல்கிறது?
உயரம் அதற்கு ஒத்துப்போகிறதா? வேகம்?
கண்ணால் காண்பதும், காதால் கேட்பதும் என்று
யாரோ வரிசை போட்டது
இந்தச் சின்ன அறைக்குள் உட்கார்ந்துதான் போல.
தீர விசாரி.
விசாரணை ஓய்ந்த நொடி
விமானம் தன் இஷ்டம்.

சாக்காவோ நீரிணைக்கு மேல் மழை அவர்களை முந்தியது.
"மறைப்பைக் கழற்று."
கழற்றினாள். வித்தியாசமில்லை.
வெளியே பாலின் நிறம், பால் இல்லாமல்.
அவன் சீட்டுகளை உரித்தான்;
தொடுவானம் சுத்தமாக வந்தது,
திசைவட்டத்தில் பாதி கிழிந்து
பதினெட்டு மட்டும் ஒட்டிக்கொண்டது.
பிறகு கையை முழங்காலில் வைத்துக்கொண்டான்,
விரல்கள் மட்டும் முழங்காலைத் தொடாமல்
அரை அங்குலம் மேலே.
பார்த்தாள். பார்க்காததுபோல் முள்களுக்குத் திரும்பினாள்.

வந்த வழி தெளிவாக இருந்தது.
அதற்கு அரைவட்டம்; நொடிக்கு மூன்று பாகை.
"ஒரு நிமிடம், இடப்பக்கம்," என்றாள் சத்தமாக,
அவனிடம் அல்ல, கடிகாரத்திடம்.

பதினைந்து. உயரம் சரி.
இருபத்தெட்டு. ஐம்பது அடி கூடுதல், விட்டாள்.
முப்பத்தாறில் காது சொன்னது:
திரும்பி முடிந்தாயிற்று, இன்னும் என்ன?
கேட்டுக்கொண்டாள். சாய்வை மாற்றவில்லை.
நாற்பத்தொன்று.
அறுபதில் இறக்கையை நேராக்கினாள்.

கிழிசலில் முதலில் தெரிந்தது
பார்குவாவிலிருந்து தீவுக்குப் போகும் படகு,
ஆறு லாரிகளுடன்
கடலோடு சேர்ந்து வலப்பக்கம் சரிந்து.
படகு சரியவில்லை என்று அவளுக்குத் தெரியும்.
அது நிமிரும்வரை
முள்களிடமே விசாரித்துக்கொண்டு பறந்தாள்.

மூக்கில் மட்டும் ஏதோ.
ஈரக் கம்பளி. பெட்ரோல்.
பக்கத்து இருக்கையில்
பயந்து முடித்தவனின் வியர்வை.
அதை மட்டும்
விசாரிக்காமல் நம்பினாள்.