திறவுகோல்

பாண்டுப் மேற்கு, நான்காம் மாடி.
நனைந்த காய்கறிப் பையோடு
எதிர்வீட்டு வைஜயந்தி சாளுங்கே
தன் கதவையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.

மாற்றலாகி வந்து ஏழு மாதம்.
எங்களுக்குள் நடந்த பேச்செல்லாம்
குடியிருப்பு வாட்ஸப்பில்
அவள் போடும் காலை வணக்க ரோஜாவுக்கு
நான் போடும் கட்டைவிரல்;
தண்ணீர் லாரி வராத அன்று
என் அழுமூஞ்சிக்கு
அவள் போட்ட கும்பிடு.

இன்று அவளாகவே பேசினாள்,
மராத்தியில், வேகமாக, கையையும் சேர்த்து.
நிருபர் மைக்கை நீட்டுவதுபோல்
போனை நீட்டினேன்.
அதன்மேல் குனிந்து
மறுபடி முதலிலிருந்து சொன்னாள்.
வட்டம் சுற்றியது.
சுற்றியது.
பிறகு ஈரமே படாத ஒரு பெண்குரல்:
"எனது இல்லத்தின் திறவுகோல் தொலைந்துவிட்டது."

திறவுகோல்!
பள்ளிக்கூடத்தை விட்டபின் காதில் விழாத சொல்.
அதைப் பிரித்துப் பார்த்தபோதுதான் உறைத்தது.
போனை எடுக்கும் முன்பிருந்தே அவள்
சாவி, சாவி என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள்.
சகரத்தில் கொஞ்சம் அழுத்தம்,
வேறொன்றுமில்லை.

எவனோ போர்ச்சுக்கீசியன்
கப்பலிலிருந்து இறக்கிப்போட்ட சொல்.
அவள் கரையில் கொஞ்சம், என் கரையில் கொஞ்சம்.
அலமாரியும் இஸ்திரியும்கூட அப்படித்தான்.
எங்களைச் சேர்த்துவைக்கவா வந்தான்?
மிளகுக்கு வந்தான், பீரங்கியோடு.

சரி, போனைத் திட்டலாம் என்று பார்த்தால்
அவள் போன் அடிக்கிறது.
அபுதாபியிலிருந்து மகன்,
மஞ்சள் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல்.
அவன் என்ன சொன்னானோ,
அவள் செருப்பு ஸ்டாண்டை நகர்த்தி
உடைந்த டைலைப் பெயர்த்ததைப் பார்த்துத்தான்
எனக்குப் புரிந்தது.
கடலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து
கதவைத் திறந்துவிட்டு
வேலைக்குத் திரும்பினான் நிகேத்.
அதுவரை
வெந்தயக்கீரை சொட்டச் சொட்ட
பையைப் பிடித்திருந்தது நான்.

மறுநாள் சாயங்காலம் கதவைத் தட்டி
புதிதாக வெட்டிய சாவியொன்றை
என் கையில் வைத்தாள்.
பற்கள் இன்னும் கூராக இருந்தன.
கூடவே நீளமாக ஏதோ சொன்னாள்.
தெரிந்த ஒரு சொல் வந்தபோதெல்லாம்
தலையாட்டினேன்.
மற்றதெல்லாம் என்ன, இன்றுவரை தெரியாது.
பால் கணக்காகவும் இருக்கலாம்.

காலையில் குழுவில் வழக்கமான ரோஜா.
எனக்கு மட்டும் தனியாக
ஒரு சின்னச் சாவிப் படம்.
கட்டைவிரலைத் தொடப் போய்
நிறுத்திக்கொண்டேன்.
இதற்கு எதைப் போடுவது?