முள்ளெலியின் ஏழாவது மூக்கு

முள்ளெலியிடம் இன்னும் கொஞ்சம் நட்பு தெரிய வேண்டுமாம்.
காப்பீட்டு நிறுவனத்துத் திருமதி ஓஸ்டர்காம்ப் எழுதியிருக்கிறார்.
முட்கள் குத்துவதுபோல் இருக்கின்றனவாம்.
மூக்கைச் சற்று உருட்டிவிட்டால்
பல் காப்பீடு எடுக்க ஜனங்கள் தயங்கமாட்டார்களாம்.

இது ஆறாவது மூக்கு.
திரைக்குள் ஆறும்
ஒன்றன்மேல் ஒன்றாய்ப் படுத்திருக்கின்றன.
ஒன்றை அணைத்தால் இன்னொன்று விழிக்கிறது.

கணினியை மூடினேன்.
உள்ளங்கை அகல நோட்டு,
மை கசியும் பேனா,
வயிற்றில் தண்ணீர் சுமக்கும் தூரிகை,
மிட்டாய் டப்பியில் ஐந்து வண்ணக் கட்டிகள்
(ஆறாவது குழியில் தலைவலி மாத்திரை).
ஃபோவிங்கலில் ஏறிக்கொண்டேன்.

வூப்பர்டாலில் ரயில் தொங்கும்.
தண்டவாளம் மேலே, சக்கரம் கூரையில்,
கொடியில் காயும் சட்டைகளாய் நாங்கள்.
ஸோன்போர்ன் வந்ததும்
காலடியில் தெரு விலகி ஆறு வரும்.
வளைவுகளில் பெட்டி இடுப்பை ஒடிக்கும்.
இதற்குள் உட்கார்ந்து
நேர்கோடு போட்டவர் எவருமில்லை.

அதற்காகத்தான் வருகிறேன்.

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடியுமோ என்று
மேசையில் நாள் முழுக்கப் பயம்.
இங்கே
குரங்குக்கென்றே களிமண் பிசைகிறேன்.

எனக்கு நானே போட்ட விதி:
அடுத்த நிலையம் வரை பேனா தாளைவிட்டு எழக் கூடாது.
கதவு திறந்தால் கோடு முடிந்தது,
மீசை பாதியில் நின்றாலும்,
மீசைக்காரர் இறங்கிப் போய்விட்டாலும்.
அப்புறம் வண்ணம், அதன் இஷ்டம்.

இன்றைக்கு எதிரே ஒருவர்
லீக்ஸ் கட்டை மடியில் கிடத்தித் தூங்குகிறார்.
தாடை சரிந்திருக்கிறது,
காதுகள் மட்டும் விழித்திருக்கின்றன.
காதில் தொடங்கினேன்.
வளைவு வந்தது.
காது கழுத்தைக் கடந்து, தோளைத் தாண்டி,
லீக்ஸின் தோகையாய்ப் போய் முடிந்தது.
பச்சையைத் தொட்டு அவிழ்த்துவிட்டேன்.
அது மூக்குவரை ஓடியது.

"என் மூக்கு இவ்வளவு பெரிதில்லை."

எப்போது விழித்தாரோ.
"ரயில்தான் வரைந்தது" என்றேன்.
"அப்படியானால் ரயிலுக்கு மூக்குக் கண்ணாடி வாங்க வேண்டும்."
கையை நீட்டினார்.
பேனாவைக் கேட்கிறார் என்று புரிய
ஒரு பாலம் கடந்துவிட்டது.

நாக்கை ஓரத்தில் துருத்திக்கொண்டு
எதிர்ப்பக்கத்தில் என்னை வரைந்தார்.
பள்ளிக்கூடத்துக்குப் பிறகு இதுதான் முதல் படமாம்.
தலை, உருளைக்கிழங்கு.
அதற்கு ஒரு பொட்டு; அது வழுக்கிக்
கன்னத்தில் நின்றிருந்தது.
கைகளே இல்லை.
"கை கஷ்டம்" என்றார்.
பதினாறு வருடத் தொழிலில் நானும் அதைத்தான் சொல்வேன்,
என் ஆட்கள் எல்லோரும்
பைக்குள் கைவிட்டே நிற்பது பின் எதற்கு?

சிரித்த சிரிப்பில்
அவர் இறங்கவேண்டிய இடம் போய்விட்டது.
"சூப்புக்கு அடுப்பு காத்திருக்கிறது" என்றவர்
ஹார்ட்முட் என்று கிழங்கின் கீழே கையெழுத்திட்டு,
தேதியும் போட்டு,
படியிறங்கி மறுபக்கப் படியேறி ஓடினார்
பச்சைத் தோகை பின்னால் ஆட.

ஓபர்பார்மன்வரை போய்த் திரும்பினேன்.
பதினொரு படங்கள்.
மூன்று தேறும் என்று ஓரத்தில் எழுதினேன்.
இங்கே யார் பரீட்சை வைத்தது என்று
அடித்துவிட்டேன்.

இரவு ஏழாவது மூக்கைப் போட்டு அனுப்பினேன்.
உருண்டையாக, நட்பாக, வாடகைக்காக.
அருமை என்று உடனே பதில், இரண்டு ஆச்சரியக்குறியோடு.
அந்த மூக்கின்மேல் எனக்கு வருத்தமொன்றும் இல்லை.

படுக்குமுன் நோட்டைத் திறந்தேன்.
அவசரத்தில் ஈரத்தோடு மூடியிருக்கிறேன்.
அவர் மூக்கின் பச்சை
எதிர்ப்பக்கத்தில் என் உருளைக்கிழங்கின் நெற்றியில் ஒட்டியிருந்தது,
பொட்டு இருந்திருக்க வேண்டிய இடத்தில்,
ஏறக்குறைய.