எந்தப் பக்கமாக்கும்

சின்னவிளையில் எங்கள் வீட்டுக்குள் சிக்னல் கிடையாது.
மணல் கம்பெனியின் வாசல் விளக்கடியில்
இரண்டு கோடு, சிலசமயம் மூன்று.
ஆனி மாதம், விடியற்காலை ஐந்தாக எட்டு நிமிடம்,
நைட்டிமேல் துண்டைப் போட்டுக்கொண்டு
அங்கேதான் நின்றேன்,
பாகப் பத்திரம் பதிய ஊருக்கு வந்தவள்,
கையில் செயற்கைக்கோள் அனுப்பிய நாலு வரியோடு.

காமாக் கதிர் வெடிப்பு.
நீளம், முக்கால் நொடி.
இடம் இன்னதென்று சொல்ல இயலாது,
எட்டு முழுநிலாவை வரிசையாக வைத்தால் எவ்வளவோ
அவ்வளவு அகல வட்டத்துக்குள் எங்கோ.

வீசிய வலை தண்ணீரைத் தொடும் நேரம்கூட இல்லை.
அதற்குள் இரண்டு செத்த நட்சத்திரங்கள்
கோடி வருடம் சுற்றிச் சுற்றி நெருங்கியவை
மோதி முடிந்துவிட்டன,
மீனுக்குக் கால் முளைக்காத காலத்தில்.
மிச்சம் இருப்பது பின்னொளி.
மங்குவதற்குள் சிலியின் மலைமேல் இருக்கும் கண்ணாடியை
அந்தப் பக்கம் திருப்பச் சொல்ல வேண்டும்.
சொன்னேன்.
திரையில் சக்கரம் சுற்றியது, சுற்றியது.

வாட்ச்மேன் ஜாண்றோஸ் ஸ்டூலை விட்டு எழுந்து வந்தார்.
"ஆருக்காவது சொகமில்லியா?"
இல்லை, தூரத்தில் ஒன்று வெடித்தது என்றேன்.
அண்ணாந்து பார்த்தார். ஒரே மூட்டம்.
"எந்தப் பக்கமாக்கும்?"

காலடியைக் காட்டினேன்.
மணலை.

சிரித்தார். நான் விளக்கப் பார்த்தேன்,
பூமிக்கு அந்தப் புறத்து ஆகாயம் என்று,
இங்கே தோண்டிக்கொண்டே போனால் என்று.
சொல்லச் சொல்லத்தான் உறைத்தது,
வாயைவிட விரல் சரியாகச் சொல்லியிருக்கிறது.

இந்த மணலில்
கறுப்புக்கு நடுவே தேன்நிறமாய்க் கிடக்கும் பரல்களுக்குள்
தோரியம் இருக்கிறது.
சூரியனுக்கு அதைச் செய்யத் தெரியாது.
சூரியனே பிறக்கும் முன்னால்
இதுபோல் ஒரு முக்கால் நொடியில் அது வெந்திருக்க வேண்டும்.
என் ஆய்வேட்டில் பாதி அதற்குச் சான்று,
மறுபாதி ஆசை.
பாதி கரைய ஆயிரத்து நானூறு கோடி வருடம்.
அவசரமில்லை அதற்கு.
ஒவ்வொன்றாக உடைந்து
இப்போதும் மேலே அனுப்புகிறது காமாக் கதிரை,
என் ரப்பர் செருப்பின் ஊடாக,
ஜாண்றோஸின் காக்கிச் சட்டையில்
குத்தியிருக்கும் கதிர்ப்பட்டைக்குள்.

"இதுலயா?" பட்டையைத் தொட்டுப் பார்த்தார்.
"மூணு மாசத்துக்கு ஒருக்க வாங்கீட்டுப் போவானுவ.
எவ்வளவு ஏறிச்சுண்ணு
நம்மகிட்ட ஒருத்தனும் சொன்னதில்ல."

நாற்பது கோடி ஒளியாண்டுக்கு அப்பால் நடந்தது
பத்து நொடியில் என் கைபேசிக்கு வந்துவிடுகிறது.
இதை அவரிடம் சொல்லவில்லை.

சக்கரம் நின்றது.
மலையில் காற்று பலம், கூரை மூடியிருக்கிறது.
இரவு முழுக்கத் திறக்க வாய்ப்பில்லை.

"கெடச்சா?"
இல்லை.
"கடலும் இப்பம் அப்பிடித்தான்" என்றார்,
"மூணு நாளா வள்ளம் எறங்கல்ல."
கட்டஞ்சாயா பாதி ஊற்றிக் கொடுத்தார்,
ஃபிளாஸ்க் மூடியில்.

பத்து மணிக்கு
மணவாளக்குறிச்சி சார்பதிவாளர் அலுவலகம்.
எழுத்தர் மூச்சு விடாமல் வாசித்தார்.
கிழக்கே பெனடிக்ட் புரையிடம், மேற்கே நடைபாதை,
வடக்கே பஞ்சாயத்து ரோடு, தெற்கே கடல்,
இதற்குட்பட்ட பதினொன்றரை சென்ட்,
அதிலடங்கிய நிதி நிட்சேபம் ஜலம் தரு பாஷாணம் சகிதம்.

கடைசியில் என்ன சொன்னீர்கள் என்றேன்.
"பாஷாணம். கல்லுண்ணு அர்த்தம்" என்றார் நிமிராமல்,
"வெஷம் இல்ல."

மையில் தோய்த்து என் பெருவிரலை அழுத்தினார்.
ரேகைக்கு நடுவில் மை படாமல்
பொடியாக ஒரு வட்டம்.
"மணலாயிருக்கும்" என்று
தாளை ஊதினார்.