லைனிங் துணி

சீட்டில் எழுதியிருந்தது இவ்வளவுதான்:
ஜெ. லீமா றோஸ், நாற்பத்தொன்று,
இடது கன்னம், கட்டி, மூன்று மாதமாக.
முந்தைய விவரம் என்ற கட்டத்தில்
பேனாவை ஊன்றி எடுத்த ஒரு புள்ளி.

ஃபார்மலின் டப்பாவில் பயறளவு சதை,
வெட்டூர்ணிமடத்தில் எங்கள் லேபுக்கு வந்தது.
மழைநாள். கரண்ட் இரண்டு தடவை போனது.

சதையை மெழுகில் இறக்குவது என் வேலை.
ஸ்பிரிட்டில் ஈரம் வாங்கவேண்டும், பிறகு சைலீன்.
சைலீன் கொழுப்பைத் தின்னும், எண்ணெயைத் தின்னும்,
பெயர் தெரியாததையும் சமயத்தில் தின்னும்.
பிறகு உருகின மெழுகு. ஆறினதும் கட்டை.
சீவினால் வெங்காயத்தோலைவிட மெல்லிசாய்
ஒரு நாடா வரும்.
மூச்சை அடக்கித்தான் வெந்நீரில் விடமுடியும்.
ஊதா ஒரு சாயம், ரோஸ் ஒரு சாயம்.

டாக்டருக்கு முன்னால் நான் பார்த்துவிடுவேன்.
பார்க்கக்கூடாது என்று சட்டம் ஒன்றுமில்லை.

ஓட்டை.
ஆப்பத்தின் நடுவைப் போல ஓட்டை ஓட்டையாய்.
ஒவ்வொன்றையும் சுற்றிப் பெரிய செல்கள்,
ஒன்றோடொன்று ஒட்டிப் பருத்து
ஒரே உடம்பில் பத்துப் பதினைந்து உட்கருவோடு.
விழுங்கப் பார்த்திருக்கின்றன, முடியவில்லை.
துப்பவும் முடியவில்லை.
வளைத்துக்கொண்டு நின்றுவிட்டன.

எங்கள் ஊரில் ஒருமுறை
தெங்கில் கள்ளன் ஏறிவிட்டான் என்று
டார்ச்சும் கம்புமாய் ராத்திரி முழுக்க
மரத்தைச் சுற்றி நின்றார்கள்.
விடிந்து பார்த்தால் மேலே மட்டைதான்.
யாரும் உடனே கலையவில்லை.
சாயா வாங்கிவரச் சொல்லி
அங்கேயே நின்று குடித்தார்கள்.

உள்ளே இருந்தது எது என்று
இந்தக் கண்ணாடித்துண்டிடம் இனிக் கேட்கமுடியாது.
என் சைலீன் அதைக் கழுவிக்கொண்டு போய்விட்டது.

ரிப்போர்ட் வாங்க அவளே வந்தாள்.
கொரோனா போய் இத்தனை காலம், மாஸ்க் போட்டிருந்தாள்.
என்ன போட்டீங்க? என்றார் டாக்டர்.
"தெரியாது டாக்டர். வெள்ளப் பாட்டில்.
மார்த்தாண்டம் பாலத்துப் பக்கம்,
மொபைல் கடைக்க மேல ரெண்டாவது மாடி.
இப்பம் அங்க டியூஷன் நடக்குது."

பன்னிரண்டாயிரம், சீட்டுப் பணம்.
கன்னம் ஒட்டிப்போனதும்
பட்டுச்சேலை மாடியிலிருந்து இறக்கிவிட்டார்களாம்
அடித்தளத்தில் லைனிங் துணிக்கு.
ஊசி போட்ட மறுமாதம் மேலே கூப்பிட்டார்கள்.
இரண்டு வருஷம் ஒரு குறையுமில்லை,
கல்யாண வீட்டார் தேடிவந்து
இவளைத்தான் விரிக்கச் சொல்வார்கள்.
பிறகு கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்கினாள்.
ஒருநாள் காய்ச்சல்.
நாலாம் வாரம் கண்ணாடியில்
வெளிச்சம் ஓரிடத்தில் இடறிற்று.

"கரைக்க மருந்து உண்டுண்ணு சொன்னாவ."
சிலதுக்கு உண்டு. எதுன்னு தெரிஞ்சா.
இப்போதைக்குக் கட்டியிலேயே ஊசி, மாதம் ஒன்று.
குறையலாம். தோல் குழிந்தும் போகலாம்.
மறுபடி ஊசியா என்று அவள் கேட்கவில்லை.
"அவரு மஸ்கட்டுல. போன்ல வலது பக்கம் காட்டியே
பேசிட்டிருக்கேன். லீவு ஆவணிக்கு" என்றாள்.

கட்டைக்கு எண் போட்டு டிராயரில் வைத்தேன்.

சனிக்கிழமை பிளவுஸுக்கு லைனிங் வாங்கப் போனேன்.
படியிறங்கினால் டியூப் லைட், கஞ்சிப்பசை வாசம்.
அவள்தான். மாஸ்க் இல்லை.
என்னைத் தெரியவில்லை, அல்லது தெரிந்தது.
துணியை நீட்டினேன்.
நாலு தான் எடுத்து ஒவ்வொன்றாய் ஒட்டிவைத்துப் பார்த்தாள்.
"இது சேராது. இதுல ஊதா கூடுதல்.
ஒங்களுக்குள்ளது கொஞ்சம்கூட ரோஸ்."
நாள் முழுக்க அந்த இரண்டு சாயத்தையே
பார்க்கிறவள் நான்.
எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரிந்தது.

விலை குறைந்த தானைக் காட்டினேன்.
"வேண்டாம். உள்ள வைக்கியதுல்லா,
சாயம் எறங்காதது பாத்து எடுங்க"
என்று சொல்லிவிட்டு
கத்தரியை விரித்தவள்
கொஞ்சநேரம் வெட்டவில்லை.

"எண்பது சென்டி போதும்" என்றேன்.
ஒரு மீட்டர் வெட்டி
எண்பதுக்குப் பில் போட்டாள்.