அறுபத்து மூன்றாம் அத்தியாயம்

நீடாமங்கலத்தில் கேட் போட்டால்
ஒரு டீக்கும் ஒரு சண்டைக்கும் நேரமிருக்கும்.
இந்த வியாழன் சண்டை உலுவனைப் பற்றி.

மூன்று நிழல் உள்ள காவலன் அவன்.
அறுபத்திரண்டு வாரம் வாய் திறக்காதவன்
இந்த இதழின் கடைசிப் பத்தியில்
நீர்விழுங்கிகளுக்குக் கோட்டை மதகைத் திறந்துவிட்டான்.
அதோடு 'தொடரும்'.

காதல், என்கிறார் ஜெகபர் அலி
பஞ்சர் டியூபைத் தண்ணீரில் அமுக்கியபடி.
பத்தொன்பதாம் அத்தியாயத்தில் எதிரி ராணி
அவன் சுரைக்குடுவையை வாங்கினாள், குடிக்கவில்லை.
குடிக்காமல் திருப்பித் தருவதென்றால் சும்மாவா?

சம்பளம், என்கிறாள் தையல்நாயகி.
கூட்டுறவு வங்கியில் நகைக்கடன் எழுதுகிறவள்,
பச்சை அட்டை நோட்டில் கணக்கு வைத்திருக்கிறாள்.
எட்டில் கடைசியாக உப்பு அளந்தார்கள்;
பிறகு ஏழு மழைக்காலம் போயிற்று.
"விசுவாசத்துக்கும் வட்டி ஏறும்ல?"

கால்நடை ஆஸ்பத்திரி அமிர்தகடேசன்
காரணமே கிடையாது என்றார்.
மாடு ஒருநாள் முளையைப் பிடுங்கவில்லையா?
எல்லோரும் அவர்மேல் பாய்ந்தார்கள்.
காரணம் இல்லாததற்கா வாரம் பதினைந்து ரூபாய்!

டியூஷன் பை மாட்டிய ஷர்மிளி
அது உலுவனே இல்லை என்றாள்.
அவனுக்கு இடதுகைப் பழக்கம். திறந்தது வலதுகை.
மூன்றாவது நிழல் தனியாக நடக்க ஆரம்பித்துவிட்டது.
கொஞ்ச நேரம் பாய்லர் மட்டும் பேசிற்று.
"படம் போட்டவன் தப்பா இருக்கும்"
ஜெகபர் அலிக்கே குரல் எழும்பவில்லை.

எழுதுகிறவருக்கு ஒருமுறை கார்டு போட்டோம்.
'எனக்கும் வியாழக்கிழமைதான் தெரியும்'
என்று பதில் வந்தது.

நான் ஒன்றும் சொல்லவில்லை.
மூணாறு தலைப்பில் லஸ்கர் நான்.
பன்னிரண்டு வருஷம் முன்னால்
தண்ணீருக்கு முறை வைத்த ஒரு ஆவணியில்
பாமணியை அடை என்று உத்தரவு.
அடைத்தேன்.
ராத்திரி இரண்டு மணிக்கு கிரீஸ் டப்பாவோடு போனேன்,
திருகு துருப்பிடித்துவிடக் கூடாதே என்று
கால் சுற்று.
கால் சுற்றில் தண்ணீர் ஒரு சத்தம் போடும்.
அதைக் கேட்டபின் கை நிற்கவில்லை.

காலையில் கேஜ் இறங்கியிருந்தது.
ரிஜிஸ்டரில், ஆகாயத்தாமரை அடைப்பு,
சரிசெய்யப்பட்டது.
கடைமடையில் யாருக்கோ நாற்று பிழைத்ததாம்.
அவர்களுக்காக என்று சொல்ல ஆசைதான்.
அவர்கள் ஊர்ப்பெயரே பிறகுதான் தெரியும்.

மன்னார்குடி வண்டி போய்விட்டது,
நெல் ஏற்றிய கூட்ஸ் பாக்கி.
தையல்நாயகி என் பக்கம் திரும்பினாள்.
"ஷட்டர்க்காரர்தானே நீங்க?
அந்த மாதிரி மதகை ஒரு ஆள் தனியாத் திறக்க
எத்தனை சுத்து சுத்தணும்?"

"நாப்பத்தொண்ணு."

யோசித்திருக்க வேண்டும்.
சுமாராக என்றாவது சேர்த்திருக்க வேண்டும்.

கேட் ஏறிவிட்டது. பின்னால் பஸ் ஹாரன் அலறுகிறது.
ஸ்கூட்டரைக் காலால் தாங்கிக்கொண்டே
நோட்டைத் திறந்து
உலுவன் பெயருக்கு நேரே 41 என்று எழுதி
அடியில் ஒரு கோடும் போட்டுக்கொண்டு போனாள்.